இரும்பு மேடத்தின் ஏழு வருஷம்

அவளுக்கு இரும்பு மேடம் என்று பேர் வைத்தது நான்தான். மற்றவர்கள் அதைக் கிண்டலாகச் சொன்னார்கள், நான் பிரியமாகச் சொன்னேன். வாயைத் திறந்தால் இரும்பு, மூடினால் இரும்பு. அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். தன் வேலையைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். எனக்கு எரிச்சலாக வரும். "இந்தாம்மா, அது இரும்பு, நீ பெத்த புள்ளை இல்லே" என்பேன். "பெத்தது கூட இவ்வளவு படுத்தலேக்கா" என்பாள்.

எனக்கு வேலை அடித்தளத்தில். உலோகம் அளக்கிற மெஷின் ஒன்றோடு இருபத்திரண்டு வருஷமாக மாரடிக்கிறேன். எந்தத் திரவத்தைக் கொடுத்தாலும் அதைப் புகையாக்கித் தீயில் ஊதி, அதற்குள் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு இருந்தாலும் தப்பாது. சன்னல் இல்லாத அறை, ஓயாமல் இரைகிற காற்றுக்குழாய், ஒரு நாற்காலி, ஒரு பெரிய பதிவேடு. மாடியில் இருக்கிறவர்கள் படியிறங்கி என்னிடம் வந்தால் ஏதோ தகராறு என்றுதான் அர்த்தம். எல்லோரிடமும் சிடுசிடுவென்று விழுவேன். அவளிடம் மட்டும் கொஞ்சம் குறைவாக விழுவேன்.

அவள் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மருந்து செய்கிறவர்களுக்கு இரண்டு கார்பன் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருக்கிறது. அவை தாமாக இணையாது. நடுவில் ஒரு வினையூக்கி வேண்டும். இரண்டையும் பிடித்துச் சேர்த்துவிட்டு, தான் ஒட்டிக்கொள்ளாமல் விலகி, அடுத்த ஜோடியைத் தேடிப் போகிற ஆள். அந்த வேலைக்குப் பல்லேடியத்தை விட்டால் வேறு நாதியில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்லேடியம் அபூர்வமான உலோகம். தவிர, மருந்தில் துளி தங்கிவிட்டாலும் ஆபத்து. இவள், இரும்பை வைத்து அதைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினாள். வெறும் இரும்பு, ஆணியில் இருக்கிற இரும்பு. அதைச் சுற்றிக் கார்பனால் ஒரு கூடு கட்டி, காற்றுப் படாமல் ஆர்கான் வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பாள். ஒரு மூச்சுக் காற்று உள்ளே போனாலும் அவளுடைய ஆரஞ்சு நிறப் பொடி பழுப்பாகிச் செத்துவிடும். நின்று நின்று அவளுக்குக் குதிகாலில் ஆணி விழுந்திருந்தது. "உன் இரும்பு காலுக்கே வந்துடுச்சு பாரு" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

படிப்பு முடித்ததும் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தவள். கல்யாணம், ஒரு மகள், அப்புறம் முப்பத்துநாலு வயதில் ஆராய்ச்சிக்குத் திரும்பி வந்தாள். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், தங்கமான மனுஷர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலைதான் இவளுக்கு. நிரந்தர வேலை ஒன்று காலியானது, அவளுக்கு நாற்பத்தொன்று முடிகிற வருஷம். நாற்பத்திரண்டு பிறந்துவிட்டால் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். அது கிடைக்காவிட்டால் கூடத்தை விட்டே போக வேண்டியதுதான். கண்ணாடிப் பெட்டி, இரும்பு, எல்லாவற்றுக்கும் கும்பிடு.

கிடைக்காமல் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பே அவளுடைய இரும்பு வேலை செய்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று இணைந்திருந்தது. நம்பாமல் இருபது தடவை செய்தாள், இருபது தடவையும் வந்தது. அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, இதுல எங்கேயாவது பல்லேடியம் ஒளிஞ்சிருந்தா என் மானம் போயிடும். ஒண்ணு விடாம பாத்துக் குடுங்க" என்றாள். இரும்பு உப்பு, காரம், கரைப்பான், குடுவைக்குள் அளந்து போடுகிற ஒவ்வொன்றையும் அளந்தேன். பல்லேடியம் இல்லை, இல்லை, இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்களாக எங்கள் கூடத்துத் தலைவரான பேராசிரியர், அவள், கூட வேலை செய்த ஒரு பெண், நாலாவதாக நான். அச்சில் என் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு எடுத்துப் போய் அக்கம்பக்கத்திலெல்லாம் காட்டினேன், யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை.

வேலைக்கான தேர்வு நெருங்கிய நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஊரில் உள்ள கூடத்தார் அவளுடைய வினையை எட்டு மாதமாகச் செய்து பார்த்தார்களாம், ஒன்றும் இணையவில்லையாம். தேர்வுக் குழு அதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூடத்திலிருந்தே ஒருவர் மூன்று வாரத்தில் வருவார், வேதிப்பொருள்களையும் குடுவைகளையும் அவரே கொண்டுவருவார், அவர் கண்முன்னால் இவள் செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"வரட்டுமே" என்றாள். அவர்களுக்குக் காற்று புகாமல் வேலை செய்யத் தெரியவில்லை என்பது அவள் எண்ணம். இருந்தாலும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, அதே கண்டிப்போடு, எல்லாவற்றையும் புதிதாகப் பிரித்து ஒரு தடவை செய்தாள்.

சுத்தமாக ஒன்றுமில்லை. நூற்றுக்கு ஒன்று கூட இணையவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கூத்து. ஆர்கானில் ஈரமோ என்று உருளையை மாற்றினாள். கரைப்பானை மறுபடி காய்ச்சி வடித்தாள். காரத்தை மாற்றினாள், சூட்டை ஏற்றினாள், இறக்கினாள். கூட்டைப் புதிதாகக் கட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பதினாறு மணி நேரம் ஓட வேண்டும். காலையில் வந்து திறந்து பார்த்தால் பூஜ்யம். ஒரு வாரத்தில் முகம் பாதியாகிவிட்டது. மாடிக்குப் போன நேரத்தில் பார்த்தேன், கையுறைக்குள் கையை விட்டபடி நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"நாலு வருஷமா வந்துதேக்கா. இந்தக் கையாலதானே செஞ்சேன். என் கைக்கு என்னக்கா ஆச்சு?"

போய்ச் சாப்பிடு என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இரண்டாவது வாரம் அவளுடைய வீட்டுக்காரர் என் அறைக்கே வந்துவிட்டார். டெஸ்டர் சட்டைப் பையில் குத்தியபடி இருந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அக்கா, அவ சோத்துல கை வைக்க மாட்டேங்கிறா. புள்ளை பேசினா பதில் இல்லே. நேத்து குளிக்கப் போனவ முக்கால் மணி நேரம் வரலே, கதவைத் தட்டித் தட்டி எனக்கு உசிரே போயிடுச்சு. தண்ணியைத் திறந்து விட்டுட்டு சும்மா நின்னுட்டிருந்திருக்கா. இந்த வேலை போனா என்னக்கா, நான் சம்பாதிக்கிறேன். ஆனா அவ போயிடுவா போல இருக்கு. நீங்க சொன்னா கேப்பா. ஏதாவது பண்ணுங்க." அந்தப் பெரிய உடம்போடு அவர் அழுதார்.

அவர் போன பிறகு மாடிக்குப் போனேன். எனக்குத்தான் பொறுமையாகச் சொல்ல வராதே. "மாத்தி மாத்திப் பாக்குறியே, அறிவு கெட்டவளே, வந்துட்டிருந்தப்போ என்ன இருந்துச்சோ அதை ஒவ்வொண்ணா திரும்ப உள்ளே போட்டுப் பாரேன்" என்று கத்தினேன். அது அவளுக்கு உறைத்தது. பழைய குடுவையைப் போட்டாள்; பூஜ்யம். பழைய உப்புப் புட்டி, பூஜ்யம். பழைய காந்தத்தைப் போட்டாள், நூற்றுக்கு எண்பத்தொன்பது.

காந்தம் என்றால், குடுவைக்குள் கிடந்து சுற்றித் திரவத்தைக் கலக்குகிற சுண்டுவிரல் நகத்தளவு சமாசாரம். மேலே வெள்ளை பிளாஸ்டிக் பூச்சு. எங்கள் கூடத்தில் ஆளுக்கு ஒரு காந்தம் உண்டு, பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. ஒருத்தர் காந்தத்தை இன்னொருத்தர் தொடக்கூடாது. கைராசி என்பார்கள். எந்தக் குடுவையில் எது துள்ளாமல் சுற்றும் என்று அவரவருக்குத்தான் தெரியும் என்பார்கள். சோப்பும் கரைப்பானும் போட்டுக் கழுவி டப்பாவில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். இவளுடையது முட்டை வடிவம். சேர்ந்த புதிதில் ஒரு பொது டிராயரிலிருந்து எடுத்தது. பூச்சு கீறிக் கறுத்துப் போயிருந்தது. ஒத்திகைக்குத்தான் முதல் தடவையாக அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதுசைப் பிரித்திருந்தாள். எந்தக் கட்டுரையிலும் யாரும் காந்தத்தைப் பற்றி எழுத மாட்டார்கள். எந்தப் பட்டியலிலும் அது வராது. அளக்கச் சொல்லி என்னிடம் ஒருத்தரும் கொண்டுவந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

முதலில் அவள் அதை நம்பவில்லை. முட்டை வடிவம்தான் காரணம், கலக்குகிற விதத்தில் ஏதோ இருக்கிறது என்று புது முட்டைக் காந்தங்கள் ஆறு வரவழைத்தாள். ஆறும் பூஜ்யம். பழையதைப் போட்டால் வந்தது. சின்னக் குடுவைகளில், சூட்டைக் கூட்டி, எட்டு மணி நேரத்தில் முடிகிற மாதிரி, பழையதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒரே வாரத்தில் பதினாலு தடவை. வேறு ஏதாவது காரணம் கிடைத்துவிடாதா என்ற நப்பாசை. கடைசியில் வினை முடிந்த திரவத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அளந்து பாருங்கக்கா" என்றாள்.

அளந்தேன். பத்து லட்சத்தில் பதினெட்டுப் பங்கு பல்லேடியம்.

திரையை இரண்டு பேரும் பார்த்தோம். அவளுக்கு முன்னால் அந்த டிராயரில் கை வைத்தவர்கள் எல்லோரும் பல்லேடியத்தில் வேலை செய்தவர்கள். அது கீறலுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, இவளுடைய வினையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. இரும்பு ஒன்றுமே செய்யவில்லை. ஏழு வருஷம் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நான் எதுவுமே கண்டுபிடிக்கலையாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. அந்தக் குழு மேல், எட்டு மாதம் செய்து பார்த்தவர்கள் மேல், இல்லை இல்லை என்று எழுதிக் கொடுத்த என் மேல். "இங்க பாரு" என்றேன். "அந்தாளு குடுவை கொண்டு வரான், மருந்து கொண்டு வரான். காந்தம் கொண்டு வரேன்னு சொன்னானா? பட்டியல்ல அது இல்லே. உன் காந்தத்தைப் போடு. வரும். வேலையை வாங்கிக்கோ. அப்புறம் சாவகாசமா உண்மையைச் சொல்லிக்கலாம். இப்போ வாயைத் திறக்காதே."

"அது தப்புக்கா."

"தப்புதான். உன் வீட்டுக்காரர் இந்த நாற்காலி பக்கத்துல நின்னு அழுதுட்டுப் போனார், அது சரியா?"

எழுந்து போனாள். யோசிக்கிறேன் என்று வாசலில் நின்று சொன்ன மாதிரி ஞாபகம்.

அவள் போனதும் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அளவைப் பதிவேட்டில் எழுதவில்லை. மெஷினில் விழுந்த எண்ணையும் அழித்தேன். மீதித் திரவத்தைக் கழிவில் கொட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அளவைக்கூட நான் எழுதாமல் விட்டதில்லை. யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது, அவள் வேலை போய்விடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் தடுப்பாள்.

குறித்த நாளில் வந்தவர் நரைத்த தாடிக்காரர், மரியாதையான மனுஷர். பேராசிரியர், குழுவில் இரண்டு பேர், நான். அவள் தலை வாரி, இஸ்திரி போட்ட அங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பல நாளைக்கு அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்தது போல முகத்தில் ஒரு தெளிவு. என் மனசு குளிர்ந்தது. காந்தத்தைப் போடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வந்தவரைப் பார்த்து, "ரெண்டு குடுவை வெக்கப் போறேன் சார். ஒண்ணுல என் பழைய காந்தம், ஒண்ணுல புதுசு. புதுசுல எதுவும் வராது. பழசுல வரும். வினையை நடத்தினது இரும்பு இல்லே, காந்தத்துல ஒட்டியிருந்த பல்லேடியம். நான் ஏமாத்தலே. எனக்கே போன வாரம்தான் தெரியும்" என்றாள்.

பேராசிரியர் முகம் கறுத்துப்போனது. வந்தவர் மட்டும் மெல்லத் தலையாட்டினார். "நீங்களே கண்டுபிடிச்சு நீங்களே சொல்றீங்க. செஞ்சு காட்டுங்க. காரணத்தோட வெளியிட்டீங்கன்னா உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது. வேலையைப் பத்திக்கூட நானே குழுகிட்ட பேசறேன்" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வாழ்க்கை முழுக்கப் போதும்.

மறுநாள் காலையில் திறந்தோம். புதிய காந்தம் கிடந்த குடுவையில் பூஜ்யம். பழையது கிடந்த குடுவையிலும் பூஜ்யம்.

பதினாலு தடவை ஓட்டி, அதில் ஒட்டியிருந்த பல்லேடியத்தையெல்லாம் கரைத்துவிட்டிருந்தாள். கறுப்பு அப்படியே இருந்தது, அது வெறும் கறை. வந்தவர் கண்முன்னாலேயே காந்தத்தை, தங்கத்தையே கரைக்கிற இராஜதிராவகத்தில் ஊறப்போட்டு அளந்தேன். மெஷின் பிடிக்கிற எல்லைக்குக் கீழே. அதைப் பதிவேட்டில் முறையாக எழுதினேன்.

"பல்லேடியத்தைக் கொஞ்சம் தனியாப் போட்டுச் செஞ்சு காட்டறேன் சார்" என்று கெஞ்சினாள்.

"பல்லேடியம் போட்டா வரும்னு உலகத்துக்கே தெரியும்மா. உங்க குடுவையில அது இருந்துச்சுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "பதிவேட்டுல இருக்கு சார். போன வாரம் அக்காதான் அளந்தாங்க. பதினெட்டு" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதிவேடு மேஜை மேல் திறந்தே கிடந்தது. வந்தவர் பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்று திருப்பினார். விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். அவளும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் அளந்தேன்" என்றேன். "பதினெட்டு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. நான்தான் எழுதலே. மெஷின்லயும் அழிச்சுட்டேன்."

"ஏன்?"

அவளுக்காக என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? சொன்னேன். சொன்னதும் விஷயம் இன்னும் நாறிப்போனது. பேராசிரியர், "ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுறீங்களா?" என்று கத்தினார். வந்தவர் பதிவேட்டை மூடிவிட்டு, வருத்தத்தோடுதான், "எழுதாத அளவை நான் எப்படிம்மா எடுத்துக்கறது?" என்றார். அவள், எந்த நாளில் அழித்தேன் என்று கணக்குப் போடுகிறவள் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை வேறொருத்தருக்குப் போயிற்று. அவளுக்கு நாற்பத்திரண்டு பிறந்தது. அந்த மாதக் கடைசியில் கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, பழைய பெயிண்ட் தொழிற்சாலைக்கே திரும்பப் போனாள். நான் அழித்த எண்ணுக்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், அவ்வளவுதான். என் வேலை போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் படியிறங்கி வந்தாள். விரல் நகமெல்லாம் நீல பெயிண்ட். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது, நின்றேன். திட்ட வந்திருக்கிறாள் என்று ஆசைப்பட்டேன். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"கட்டுரையைத் திரும்ப வாங்குறாங்கக்கா. நாலு பேர் கையெழுத்தும் வேணுமாம். உங்களோடது ஒண்ணுதான் பாக்கி."

மூன்றே வரி. முடிவுகள் மீண்டும் கிடைக்கவில்லை. ஆகவே ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். முதலில் கிடைத்த முடிவுகளுக்கான காரணத்தைக் கண்டறிய இயலவில்லை.

"காரணம் நமக்குத் தெரியுமேம்மா" என்றேன். "பல்லேடியம்னு ஒரு வார்த்தை சேக்கச் சொல்லக்கூடாதா? ஒண்ணுமில்லாததை இருக்குன்னு எழுதினவள்னுல்ல உன்னை நினைப்பாங்க?"

"கேட்டேன்க்கா. ஆதாரம் இருந்தா அனுப்புங்கன்னு எழுதினாங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து, காரணத்தைக் கண்டறிய இயலவில்லை என்கிற வரிக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

"தேதியும் போடுங்கக்கா" என்றாள்.

போட்டேன்.